மோந்து பார்த்து வாங்கியவர்

பழைய வண்டிச் சாமான் வாங்க வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு சோதனை இருக்கும். எங்கள் பக்கத்தில் கடல் காற்றும் உப்பளக் காற்றும் சேர்ந்து இரும்பைத் தின்றுவிடும். மேலே பெயிண்ட் பளபளவென்று இருக்கும். ஸ்குரு டிரைவரால் ஒரு குத்து குத்தினால் உள்ளே அப்பளம். அதனால் மரக்காணத்து ஆள் யாரும் கண்ணை நம்பி வாங்க மாட்டான். சிலர் நகத்தால் சுரண்டுவார்கள். சிலர் காந்தம் கொண்டு வருவார்கள். நான் ஸ்பானரால் தட்டிவிட்டுக் காதை வைத்துக் கேட்பேன். நல்ல இரும்பு கணீரென்று பேசும். துருப்பிடித்தது தொண்டை கட்டினவன் மாதிரி முனகும்.

அவர் மட்டும் மோந்து பார்ப்பார்.

ஒரு செயின் கவரைக் கையில் எடுப்பார். வெளிப்பக்கத்தைச் சீந்தவே மாட்டார். கவிழ்த்து, உள்பக்கத்தைக் கட்டைவிரல் நகத்தால் கீறி, மூக்கருகே கொண்டுபோய், கண்ணை மூடிக்கொள்வார். மட்கார்டு என்றாலும் அப்படித்தான். பெட்ரோல் டேங்க் என்றால் அதன் அடிவயிற்றை. பிறகு கண்ணைத் திறந்து, பிடித்து வைத்திருந்த மூச்சை விட்டு, சாமானை எடுத்த இடத்திலேயே வைப்பார். அந்த மூச்சு இருக்கிறதே, ரிசல்ட் பலகையில் தன் நம்பரைக் கண்டுபிடித்துவிட்டவனுடைய மூச்சு.

கடை கீழ்புத்துப்பட்டைத் தாண்டி, ஈசிஆர் ஓரத்தில். தகர வேலிக்குள் மூன்று பக்கமும் வண்டிக் குவியல், நடுவில் ஒரு வேப்பமரம், அதன் அடியில் ஒரு காரின் பின் சீட்டைப் போட்டு உட்கார்ந்திருக்கும் பாய். கடைக்குப் பெயர்ப்பலகை உண்டு, யாரும் படித்ததில்லை. பாய் கடை என்றால் ஆட்டோக்காரர்களுக்குத் தெரியும். பாய் விற்கிற எல்லா வண்டியும் ஒரே ஆள் ஓட்டிய வண்டிதான். "குயிலாப்பாளையத்துல ஒரு வெள்ளைக்காரம்மா வெச்சிருந்த வண்டிம்மா இது. காலையில எளநீ குடிக்கப் போவும், வூட்டுக்கு வரும். அவ்ளோதான் ஓட்டம்." அந்த அம்மா ஒருத்தியே எத்தனை வண்டி ஓட்டினாள் என்று கேட்டால், "அவங்க ஊர்ல எளநீ கெடைக்காதும்மா, பாவம்" என்பார்.

நான் அப்போது மெக்கானிக்கல் முடித்துவிட்டு, வேலைக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் உப்பளம். அளத்து வரப்பில் செத்துக் கிடந்த ஒரு டூ ஸ்ட்ரோக் வண்டிக்கு நான் உயிர் கொடுக்கிறேன் என்று சபதம் போட்டிருந்தேன். என் கைக்கு எப்போதுமே மூளையைவிட அவசரம். ஒரு நட்டுக்காகப் போவேன், கார்புரேட்டரோடு திரும்புவேன். அப்படிப் போன ஒரு நாளில்தான் அவரைப் பார்த்தேன். வெள்ளை பனியன், மடித்துக் கட்டிய நீல லுங்கி, தோளில் துண்டு. வலைக் கயிறு அறுத்து அறுத்துக் காய்த்துப்போன விரல்கள். பார்த்ததுமே குப்பத்து ஆள் என்று தெரிந்தது.

"சுறா வந்துட்டாருப்பா, வலையை எடு!" என்று சீட்டில் இருந்தபடியே பாய் கத்தினார்.

"உன் கடையில நெத்திலிகூட மாட்டாது. வலை எதுக்கு?" என்றார் அவர்.

நான் பக்கத்தில் போனேன். "இன்னா பெரிப்பா, எஞ்சின் தீஞ்ச வாடை வருதான்னு பாக்கறீங்களா?"

"இல்ல பாப்பா."

"பின்ன இன்னா பாக்கறீங்க?"

"இல்லன்னு பாக்கறேன்."

வாய் தவறிச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

அன்று அவர் ஒரு சைடு கண்ணாடி வாங்கினார். அதற்கு முன்னால் பாயோடு நடந்த பேரம் இருக்கிறதே, லாரி வாங்குகிறவன்கூட அவ்வளவு பேச மாட்டான். கீறல் என்றார், தண்டு ஆடுகிறது என்றார், இதில் முகம் பார்த்தால் என் முகமே எனக்கு அடையாளம் தெரியவில்லை என்றார். "அது கண்ணாடி தப்பு இல்லீங்களே" என்றார் பாய். கடைசியில் விலை படிந்து, துண்டில் சுற்றி, இடுப்பில் செருகிக்கொண்டு பஸ் ஏறப் போனார்.

எப்போது வந்தாலும் இதே முறைதான். குவியல் முழுக்க மோந்து பார்ப்பார். எதுவும் இல்லை என்று மூச்சு விடுவார். பிறகு எதையாவது ஒன்றைப் பேரம் பேசி வாங்கிப்போவார். ஒரு ஸ்பிரிங், ஒரு இண்டிகேட்டர் மூடி, ஹாரன் பித்தான். நான் ஒருநாள் கேட்டேவிட்டேன், வேண்டியது கிடைக்காதபோது எதற்கு வேண்டாததை வாங்குகிறீர்கள் என்று.

"வெறுங்கையோட போனா தேடிட்டுப் போற மாதிரி இருக்கும் பாப்பா. வாங்கிட்டுப் போனா வாங்க வந்த மாதிரி."

"சரி, வண்டி இன்னா வண்டி?"

"ஓடிக்கிட்டிருக்குது."

"எங்க?"

"எங்கயோ."

பாய்தான் பிறகு சொன்னார். அந்தப் பெரியவருடைய மகன் பைக்கை எடுத்துக்கொண்டு வீட்டை விட்டுப் போனவன், திரும்பவில்லை. போன் இல்லை, கடிதம் இல்லை. போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தார்கள். அங்கே யாரோ போகிற போக்கில், 'வண்டி கெடச்சா ஆளு கெடச்ச மாதிரிதான் பெரியவரே' என்றிருக்கிறார். அதைப் பிடித்துக்கொண்டுதான் திண்டிவனம், பெருமுக்கல், இந்தச் சாலை என்று பழைய வண்டிக்கடை ஒவ்வொன்றாக ஏற ஆரம்பித்திருக்கிறார். முதலில் கண்டுபிடிக்க வந்தார். போகப் போக, அங்கே இல்லை என்று பார்த்துவிட்டுப் போகத்தான் வந்தார். பிரித்துப் போட்ட குவியலில் அது இல்லை என்றால், எங்கோ ஓடிக்கொண்டிருக்கிறது. ஓடுகிறது என்றால் ஓட்டுகிறவன் இருக்கிறான். லாரியில் புது லோடு இறங்கினால் பாய் அவருக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பார். அதுதான் இருவருக்கும் ஏற்பாடு.

அப்படியும் பாய் 'சுறா' என்று கிண்டல் செய்வதை விடவில்லை. "நான் சிரிச்சாத்தான் அவர் பேரம் பேசுவாரும்மா. நான் மூஞ்சியைத் தொங்கப்போட்டா அந்த மனுஷன் வாசல்லயே ஒக்காந்துடுவாரு" என்றார்.

ஆனால் எதற்கு மோந்து பார்க்கிறார்? அதை அவரே சொன்னார், கடைக்கு எதிரே டீ குடித்துக்கொண்டிருந்தபோது.

"உப்புக் காத்து பாப்பா. புது வண்டி. மொத மழைக்கே போல்ட்டுத் தலையில செவப்பு ஏறிடுச்சு. படகுக்கு இன்னா பண்ணுவோம்? மீன் எண்ணெய் பூசுவோம். எங்கப்பன் கட்டுமரத்துக்குப் பூசினான். நான் பைக்குக்குப் பூசினேன். இன்னா தப்பு?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மீன் எண்ணெய்! மெக்கானிக்கல் படித்தவளாக யோசித்தால் தப்பே இல்லை. காய்ந்ததும் கோந்து மாதிரி படிந்து, காற்றை உள்ளே விடாது. மூக்கு இருக்கிறவளாக யோசித்தால்...

"வெயில்ல நிறுத்தினா நாறுமே பெரிப்பா!"

"நாறிச்சு. அதான் வெனை." டீ கிளாஸை உருட்டிக்கொண்டே இருந்தார். "குயிலாப்பாளையத்துல ஒரு கெஸ்ட் அவுசுல வேலை பாத்தான். உள்ள நிறுத்தாதே, கேட்டுக்கு வெளிய நிறுத்துன்னு சொல்லிட்டாங்களாம். கூட வேலை செய்யறதுங்க எல்லாம், 'டேய், மீன்கூடை வந்துடுச்சு'ன்னு சிரிக்குமாம். வந்து ஷாம்பு போட்டுக் கழுவினான் பாப்பா. தலைக்குப் போடற ஷாம்பு."

"அதோட விட்டீங்களா?"

"வுடுவனா? கழுவினா இரும்பு போயிடுமே. விடியக்காலம் கடலுக்குப் போறதுக்கு முன்ன, அவன் கண்ணு படாத எடமாப் பாத்துப் பூசினேன். செயின் கவரு உள்ள, டேங்கு அடியில, மட்கார்டு உள்ள. வெளிய ஒரு சொட்டு இல்ல."

அப்போதுதான் புரிந்தது, ஏன் எப்போதும் உள்பக்கம் என்று.

"கண்டுபிடிச்சிட்டான். இந்த வூட்டுல எதைத் தொட்டாலும் நாறும், உன் கையில சோறு வாங்கினாலும் நாறும்னான். எனக்கும் வந்துச்சு பாரு கோவம்... போறதுன்னா போடா, எண்ணெய் பூசாத வண்டி எத்தினி மழை தாங்குதுன்னு நானும் பாக்கறேன்னேன்."

டீக்கடைக்காரர் கிளாஸை வாங்கிக்கொள்ளக் கை நீட்டியபோது, அவர் கொடுக்காமல் வைத்திருந்தார்.

எனக்கு உடனே செயலில் இறங்கவேண்டும். அது என் சுபாவம். போனை எடுத்தேன். "பெரிப்பா, வண்டி நம்பரைச் சொல்லுங்க. இப்பவே பாத்துடலாம். இன்சூரன்ஸ் கட்டியிருக்காங்களா, பேர் மாத்தியிருக்காங்களா, எந்த ஊர்ல ஃபைன் போட்டிருக்காங்க, எல்லாம் வந்துடும்!"

"நம்பரு நெனப்புல இல்லியே."

"ஆர்சி புக்?"

"அவன் எடுத்துட்டுப் போயிட்டான்."

"ஷோரூம்ல கேக்கலாம். வாங்கின தேதி..."

"வேணாம் பாப்பா." போன் திரையை உள்ளங்கையால் மெதுவாக மூடினார். "அது இல்லன்னா இல்லன்னு சொல்லும். இருக்குதுன்னா இருக்குதுன்னு சொல்லும். எனக்கு மூக்கு போதும்."

குப்பத்தில் உள்ள அத்தனை படகுகளின் பதிவு எண்ணையும் தூரத்திலிருந்தே சொல்லக்கூடியவர் அவர். மகன் வண்டியின் நம்பர் மட்டும் மறந்துவிட்டதாம். நானும் அதற்குப் பிறகு கேட்கவில்லை. ஆனால் விரல் அரிக்கும். அவரைப் பார்க்கும்போதெல்லாம் அரிக்கும்.

என் டூ ஸ்ட்ரோக் ஒருவழியாக எழுந்து நின்றபோது, முதல் சவாரிக்கு அவரைத்தான் அழைத்தேன். புகை கக்கிக்கொண்டு பாய் கடை வாசலில் நிறுத்தி, "ஏறுங்க பெரிப்பா, குப்பத்துல விடறேன்" என்றேன். அவர் ஏறவில்லை. குனிந்து, என் வண்டியின் செயின் கவருக்குள் விரலை விட்டுச் சுரண்டி, மோந்து பார்த்தார். டேங்க் அடியைப் பார்த்தார். என் வண்டி எல்லா ஊர்ச் சாமானும் சேர்ந்த வண்டிதானே. பிறகு மூச்சை விட்டு, "ம், போலாம்" என்று ஏறி உட்கார்ந்தார். பின்னால் பாய் சிரித்துக்கொண்டிருந்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

அவர் வீட்டு வாசலில் அன்று பார்த்ததைச் சொல்ல வேண்டும். சவுக்குக் கழியில் சைடு கண்ணாடிகள் வரிசையாகக் கட்டியிருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு துண்டுக் கடல். ஹெட்லைட் கிண்ணத்தில் கோழிக்குத் தண்ணீர். கிக்கரை வளைத்து வலை மாட்டும் கொக்கியாக்கியிருந்தார். ஹாரன் பித்தான்கள் ஒரு டப்பாவில். அவர் மனைவி என்னை உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"என் புள்ளையோட ஒரு வண்டி வெளிய போச்சும்மா. ஊரு உலகத்து வண்டியெல்லாம் வூட்டுக்குள்ள வந்துடுச்சு."

"இதுல எதுலயும் அந்த வாடை இல்ல, இல்ல?" என்றார் அவர், மனைவியைப் பார்த்து. பெருமையாகச் சொன்ன மாதிரிதான் இருந்தது.

பிறகு அந்தக் காய்ச்சல் வந்தது. ஊர் அடங்கியது, கடை மூடியது. குப்பத்தில் வீட்டுக்கு வீடு படுத்தார்கள். அவரும் படுத்து எழுந்தார். மறுபடி கடை திறந்து லோடு இறங்கி, பாய் மிஸ்டு கால் கொடுத்து, அவர் வந்தபோது ஆள் பாதியாக இருந்தார். குவியலில் ஒரு மட்கார்டை எடுத்தார். கீறினார். மோந்தார். திரும்பக் கீறினார். திரும்ப மோந்தார். கண்ணைத் திறந்தார், ஆனால் மூச்சை விடவில்லை.

"பாப்பா, இங்க வா." குரல் ஒரு மாதிரி இருந்தது. "வூட்டுல கருவாடு சுட்டாங்க. எனக்குத் தெரியல. கருவாடு பாப்பா! மீன்காரனுக்குக் கருவாட்டு வாடை தெரியலன்னா, வெளிய சொன்னா சிரிப்பாங்க."

"எல்லாருக்கும் அப்படித்தான் பெரிப்பா, கொஞ்ச நாள்ல வந்துடும்" என்றேன். எனக்கு வந்துவிட்டது. பாய்க்கு வந்துவிட்டது. அவருக்கு வரவில்லை.

மட்கார்டை என் கையில் கொடுத்தார். "நீ பாரு."

நான் உள்பக்கத்தைச் சுரண்டி மோந்து பார்த்தேன். கிரீஸ், மண், பழைய பெயிண்ட். "இல்ல பெரிப்பா."

"நல்லாப் பாரு."

"நல்லாப் பாத்துட்டேன். இல்ல."

அப்போதுதான் அவருக்கு மூச்சு வந்தது. அன்றிலிருந்து நான்தான் அவருக்கு மூக்கு. ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுப்பார், நான் மோந்து பார்ப்பேன். விளையாட்டாகத்தான் ஆரம்பித்தேன். நாலைந்து லோடு போனதும், ஒவ்வொரு முறையும் நகம் இரும்பைத் தொடும்போது நானும் அவரைப் போலக் கண்ணை மூடிக்கொள்ள ஆரம்பித்தேன். 'இல்ல' என்று சொல்வது எவ்வளவு நல்ல வார்த்தை என்று அதுவரை எனக்குத் தெரியாது. வேலைக்குப் போட்ட விண்ணப்பங்களில் எல்லாம் அந்த வார்த்தையைத்தானே கேட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த லோடு ஒரு மழைக்காலத்து முற்பகலில் இறங்கியது. ஸ்டேஷன் ஏலத்தில் எடுத்தது என்றார் பாய். யாரும் வந்து கேட்காமல் வருஷக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் நின்ற வண்டிகள். ஏல வண்டிகளில் நம்பர் பலகை இருக்காது, கழற்றிவிடுவார்கள். எல்லாம் ஒரே துரு நிறம். நானும் அவரும் ஓரத்திலிருந்து ஆரம்பித்தோம். இல்ல. இல்ல. இது இல்ல பெரிப்பா.

வேப்பமரத்துக்குப் பின்னால் ஒரு கறுப்பு வண்டி. இந்தச் சாலையில் பாதிப் பேர் ஓட்டுகிற அதே மாடல், அதே கறுப்பு. முன்சக்கரம் எஞ்சினோடு ஒட்டும்படி உள்ளே மடங்கியிருந்தது. ஹேண்டில்பார் ஒரு பக்கம் இல்லை. அவர் அந்த முன்பக்கத்தைப் பார்த்தார். பிறகு குனிந்து, ஆடிக்கொண்டிருந்த செயின் கவரைத் திருகிக் கழற்றி என்னிடம் நீட்டினார்.

வெளியே உரிந்து உரிந்து பொடியாக வந்தது. கவிழ்த்தேன். உள்ளே தேன் நிறத்தில் ஏதோ காய்ந்து படிந்திருந்தது. எஞ்சின் ஆயிலும் காய்ந்தால் அப்படித்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நகத்தால் சுரண்டினேன்.

படகுகளைக் கவிழ்த்துப் போட்ட கடற்கரையில், மத்தியான வெயிலில் வருமே, அந்த வாடை.

அவரைப் பார்க்காமல், வண்டியின் டேங்குக்கு அடியில் கையை விட்டுச் சுரண்டினேன். அதே. மட்கார்டுக்கு உள்ளே. அதே. இனிச் சுரண்ட இடமில்லை. எழுந்து நின்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாடை அடிக்குதா என்று கேட்கவே இல்லை.

"துரு இருக்குதா பாப்பா?"

"இல்ல பெரிப்பா." செயின் கவரை அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன். "உள்ள எங்கயும் துரு இல்ல. சுரண்டின எடத்துல வெள்ளையா மின்னுது."

"ம்" என்றார். தலையை ஆட்டினார். "தாங்கியிருக்குது."

பாய் எழுந்து வந்திருந்தார். பாய் மரத்தடிச் சீட்டை விட்டு எழுந்து நான் பார்த்ததே அபூர்வம். செயின் கவரை என் கையிலிருந்து வாங்கி, அவரிடம் இரண்டு கையாலும் நீட்டினார்.

"எடுத்துட்டுப் போங்கண்ணே."

சுறா என்று சொல்லவில்லை. அதை அவரும் கவனித்தார்.

"சும்மாவா?"

"சும்மாதான்."

"சும்மா குடுத்தா தேடினது கெடச்ச மாதிரி ஆயிடும் பாய். வெலை சொல்லு."

பாய் ஒரு விலை சொன்னார்.

"இதுக்கா? வெளிய பெயிண்டே இல்ல. கையில ஒட்டுது பாரு. கொறை."

"கட்டுப்படி ஆவாதுண்ணே." பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஏதாவது சொல்லியாக வேண்டும். எப்போதும் சொல்வதுதான் வாயில் வந்தது. "இது... குயிலாப்பாளையத்துல ஒரு வெள்ளைக்காரம்மா..." அந்த ஊர்ப் பெயர் வாயை விட்டு வந்த பிறகுதான் பாய்க்கு உறைத்தது. அப்படியே நின்றுவிட்டார்.

அவர் காத்திருந்தார். பாய் முடிக்கவில்லை என்றதும் அவரே முடித்தார்.

"எளநீ குடிக்கப் போவும், வூட்டுக்கு வரும். ஆமா பாய். அந்த அம்மா வண்டிதான் இது."

விலை படிந்தது. செயின் கவரைத் துண்டில் சுற்றினார். இடுப்பில் செருகவில்லை, நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

எனக்கு மட்டும் சும்மா நிற்கத் தெரியவில்லை. நம்பர் பலகை இல்லாவிட்டால் என்ன, சேஸிஸில் எண் பொறித்திருக்குமே. அதைப் போனில் தேடி வேறொரு பெயர் வந்தால்கூடப் போதுமே, இது வேறு யாருடைய வண்டியோ என்று சொல்லிவிடலாமே. நான் ஒரு கையில் போனை எடுத்து, மறு கையில் கிழிந்த துணி ஒன்றைப் பொறுக்கி, ஹேண்டில் கழுத்துக்குக் கீழே குனிந்து அழுக்கைத் துடைக்கப் போனேன்.

வாசல் வரை போயிருந்தவர் திரும்பி வந்தார். என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"தொடைக்காத பாப்பா" என்றார். "எண்ணெய் போயிடும்."